கன்டெய்னருக்குள் விஷவாயு எதற்கு? ஃபியூமிகேஷன் சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

ராஜஸ்தானின் ஜோத்பூரில் செய்த ஒரு மாமர டைனிங் டேபிள் மெல்போர்னில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. அதற்கு முன்னால், அது ஒரு நாள் முழுக்க விஷவாயுவுக்குள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வாங்கியவருக்கு இது தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு பக்கத் தாளுக்குத்தான். அதன் பெயர் ஃபியூமிகேஷன் சான்றிதழ்.

ஏற்றுமதி, ஷிப்பிங், சப்ளை செயின், இ-காமர்ஸ் என்று ஏதாவது ஒரு வேலையில் நீங்கள் இருந்தால் இந்தத் தாளை ஒரு பிடிஎஃப் ஆகப் பார்த்திருப்பீர்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றோடு அதையும் இணைத்து அனுப்பிவிட்டு அடுத்த மெயிலுக்குப் போயிருப்பீர்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது, அதை நம்பி யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். ஏன்னா, அதை நம்பி ஒரு நாடு தன் கதவைத் திறக்கிறது. அதை நம்பி ஒரு தொழிலாளி கன்டெய்னரின் கதவைத் திறக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

முதலில், இது எதற்கு?

பூச்சிகளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் கன்டெய்னர் உண்டு.

1996-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்களில் விரல் நுழையும் அளவு ஓட்டைகள் தென்பட்டன. காரணம் ஆசிய நீளக்கொம்பு வண்டு. சீனாவிலிருந்து வந்த சரக்குகளின் மரப்பெட்டிகளுக்குள் அதன் புழுக்கள் பயணம் செய்து வந்திருக்கும் என்பதே நிபுணர்களின் முடிவு. புழு மரத்துக்குள்ளேயே இருப்பதால் மேலே மருந்து அடித்துப் பயனில்லை. மரத்தையே வெட்டி எரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மரங்கள் அப்படிப் போயின.

2002-ல் மிச்சிகன் மாநிலத்தில் மரகதப் பச்சை நிறத்தில் இன்னொரு ஆசிய வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. இதுவும் மரப் பேக்கிங் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது. வட அமெரிக்காவில் அது கொன்ற ஆஷ் மரங்களின் எண்ணிக்கை கோடிகளில்.

இந்த அனுபவங்கள்தான் விதிகளாக மாறின. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1951-லிருந்தே இருக்கிறது. அதன் 15-வது தர விதி, அதாவது 'ஐஎஸ்பிஎம் 15', 2002-ல் வந்தது. சரக்கு எதுவாக இருந்தாலும், அதைச் சுமந்து செல்லும் மரப் பேக்கிங்குக்கு விதி உண்டு என்பதே அதன் சாரம். இரும்பு உதிரிபாகம் அனுப்பினாலும், அதன் அடியில் இருக்கும் பேலட் மரமாக இருந்தால் அந்த மரத்துக்குச் சிகிச்சை தேவை.

அடுத்த முறை ஒரு பேலட்டைப் பார்த்தால் பக்கவாட்டில் சூடு போட்டதுபோல் ஒரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமைக் கதிர் போன்ற சின்னம், இரண்டு எழுத்தில் நாட்டின் குறியீடு (இந்தியாவுக்கு ஐஎன்), தயாரிப்பாளரின் எண், கடைசியில் சிகிச்சையின் குறியீடு. ஹெச்டி என்றால் வெப்ப சிகிச்சை. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு வாயு.

ஃபியூமிகேஷன் என்றால் மருந்து தெளிப்பதா?

இல்லை. வீட்டில் கரப்பானுக்கு அடிப்பது ஸ்ப்ரே. அது திரவத் துளி, பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். ஃபியூமிகேஷன் என்பது வாயு. மூடிய இடத்தில் நிரப்பினால் மூட்டைகளின் இடுக்கு, மரத்தின் துளை, தானியத்தின் நடு என்று எல்லா இடத்துக்கும் பரவும். முட்டை, புழு, வண்டு எல்லாம் சாக வேண்டும், சரக்கு கெடக் கூடாது, பிறகு வாயு வெளியேறிவிட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யக்கூடிய வாயுக்கள் மிகக் குறைவு.

கன்டெய்னர் வர்த்தகத்தில் பெரும்பாலும் இரண்டுதான்.

முதலாவது மெத்தில் புரோமைடு. நிறமில்லை, இந்த அளவுகளில் நம்பக்கூடிய வாசனையும் இல்லை. காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். சிலிண்டரில் திரவமாக வரும், சூடாக்கும் கருவி வழியாக வாயுவாக்கி உள்ளே செலுத்துவார்கள். 24 மணி நேரத்தில் வேலை முடியும்.

இரண்டாவது பாஸ்பைன். இது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளிலிருந்து வருகிறது. காற்றின் ஈரம் பட்டதும் மாத்திரை மெல்லக் கரைந்து வாயுவை வெளியிடும். 3 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 1 கிராம் பாஸ்பைன் தரும். விலை குறைவு, அரிசி, பருப்பு, கோதுமைக்கு ஏற்றது. ஆனால் மெதுவானது. வெப்பநிலையைப் பொறுத்து 5 முதல் 10 நாள் வரை ஆகலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் ஏற்றுமதியாளர் கையில் இல்லை. வாங்கும் நாடு கேட்பதைச் செய்ய வேண்டும்.

ஒரு கன்டெய்னருக்கு எவ்வளவு வாயு? ஒரு சின்னக் கணக்கு

20 அடி கன்டெய்னரின் உட்புறக் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 40 அடி என்றால் சுமார் 67.

ஐஎஸ்பிஎம் 15-ன் படி, வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒரு கன மீட்டருக்கு 48 கிராம் மெத்தில் புரோமைடு, 24 மணி நேரம். நம் 20 அடிப் பெட்டிக்கு 33-ஐ 48-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.6 கிலோ.

இதே பெட்டிக்குப் பாஸ்பைன் என்றால்? கன மீட்டருக்கு 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 66 கிராம் வாயு, அதாவது 66 மாத்திரை. ஒன்று கிலோக் கணக்கில், மற்றது கிராம் கணக்கில். நேரத்தில் மட்டும் கணக்கு தலைகீழ்.

இந்த 48 கிராமை இன்னொரு அலகில் பார்த்தால்தான் அதன் வீரியம் புரியும். தொழிலாளர் பாதுகாப்பில் வாயுவை பிபிஎம்மில் அளப்பார்கள், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு. கன மீட்டருக்கு 48 கிராம் என்பது சுமார் 12,000 பிபிஎம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கும் அளவு 250 பிபிஎம். ஆஸ்திரேலிய முறைப்படி 'காற்றோட்டம் முடிந்தது' என்று அறிவிக்க 5 பிபிஎம்முக்கு இறங்க வேண்டும். 12,000-லிருந்து 5-க்கு. சான்றிதழில் இருக்கும் இரண்டு சின்ன எண்களுக்கு நடுவில் இவ்வளவு தூரம்.

ஜோத்பூர் பெட்டிக்கு என்ன நடக்கும்?

மர ஃபர்னிச்சர் நிரப்பிய நம் கன்டெய்னர் குஜராத்தின் முந்த்ரா துறைமுகம் வழியாக ஆஸ்திரேலியா போவதாக வைத்துக்கொள்வோம். சென்னை, தூத்துக்குடி, மும்பையின் நவ சேவா என்று எங்கிருந்து கிளம்பினாலும் படிகள் ஏறக்குறைய இவைதான்.

முதல் கேள்வி: பெட்டி வாயுவைத் தாங்குமா? கன்டெய்னர் பார்க்க இரும்புக் கோட்டை. ஆனால் அதில் காற்றுத் துவாரங்கள் உண்டு, கதவு ரப்பர் தேய்ந்திருக்கும், தரைப் பலகையில் இடுக்கு இருக்கும். அதனால் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். உள்ளே அழுத்தத்தை ஏற்றிவிட்டு, அது 200 பாஸ்கலிலிருந்து 100-க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 10 விநாடிக்குக் குறைந்தால் ஃபெயில். அப்போது கன்டெய்னர் முழுவதையும் வாயு கசியாத ஷீட்டால் மூடி, ஓரங்களில் மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்து அழுத்த வேண்டும்.

இரண்டாவது: வாயு மரத்தைத் தொடுமா? மேசையை பிளாஸ்டிக் ஷீட்டில் இறுகச் சுற்றியிருந்தால் வாயு உள்ளே போகாது. கெட்டியான வார்னிஷ் பூச்சும் தடைதான். மரத்தின் குறுக்களவு எந்தப் பக்கமும் 20 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால், நடுப்பகுதி வரை வாயு போய்ச் சேராது என்பதால் அதற்கு மெத்தில் புரோமைடையே ஐஎஸ்பிஎம் 15 ஏற்பதில்லை.

மூன்றாவது: குளிர். இங்கதான் பலர் தடுமாறுகிறார்கள். வெப்பநிலை குறைந்தால் பூச்சியின் சுவாசமும் குறையும், விஷம் ஏறுவதும் குறையும். அதனால் டோஸ் கூட வேண்டும். 16 முதல் 21 டிகிரிக்குள் என்றால் 56 கிராம், 10 முதல் 16-க்குள் என்றால் 64 கிராம். 10 டிகிரிக்குக் கீழே செய்யவே கூடாது. கணக்கில் எடுக்க வேண்டியது மதிய வெயிலை அல்ல, அந்த 24 மணி நேரத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை. ஜனவரி மாத ஜோத்பூரில் பகலில் டி-ஷர்ட்டோடு நடக்கலாம், விடியற்காலையில் வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இறங்கும். பகல் வெயிலைப் பார்த்து 48 கிராம் போட்டால், அந்த ஃபியூமிகேஷன் விதிப்படி நடந்ததாக ஆகாது.

நான்காவது: அளவீடு. வாயுவை உள்ளே விட்டால் போதாது. பல இடங்களில் குழாய் வைத்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று மானிட்டரில் பார்க்க வேண்டும். ஐஎஸ்பிஎம் 15-ன் 48 கிராம் டோஸுக்கு, 24 மணி நேரம் கழித்தும் கன மீட்டருக்குக் குறைந்தது 24 கிராம் மிச்சம் இருக்க வேண்டும். மரம் உறிஞ்சியோ, ஓட்டை வழியாகக் கசிந்தோ அதற்குக் கீழே போயிருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கடைசியாகக் காற்றோட்டம், மறுபடி அளவீடு, சான்றிதழ். ஆஸ்திரேலியாவுக்குப் பொதுவாக ஏற்றுமதிக்கு முந்தைய 21 நாட்களுக்குள் இது நடந்திருக்க வேண்டும்.

யார் செய்யலாம்?

தெருமுனை பெஸ்ட் கன்ட்ரோல் கடை செய்ய முடியாது. மெத்தில் புரோமைடும் அலுமினியம் பாஸ்பைடும் இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ், அரசு அமைப்புகளோ அங்கீகாரம் பெற்ற நிபுணர்களின் மேற்பார்வையில் இயங்கும் நிறுவனங்களோதான் இவற்றைக் கையாளலாம். ஏற்றுமதி, இறக்குமதிக்கான ஃபியூமிகேஷன் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது ஃபரிதாபாத்தில் இருக்கும் மத்தியத் தாவரப் பாதுகாப்பு இயக்குநரகம்.

ஆனால் இந்த அங்கீகாரத்தை வாங்கும் நாடும் நம்ப வேண்டும். ஆஸ்திரேலியா தன் இணையதளத்தில் வெளிநாட்டு ஃபியூமிகேஷன் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் இடைநீக்கம் செய்யப்பட்டால், அது தந்த சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள். பெட்டிக்கு மெல்போர்னில் மறுபடி ஃபியூமிகேஷன், அல்லது திருப்பி அனுப்புதல், அல்லது அழித்தல். செலவு இறக்குமதியாளருடையது, கடைசியில் அது ஜோத்பூர் பட்டறையின் அடுத்த ஆர்டரில் வந்து விழும்.

கப்ரா வண்டு: இந்தியப் பெயரில் ஓர் உலகப் பயம்

பயணம் செய்யும் பூச்சிகளில் ஒன்று நம் பெயரையே சுமந்து திரிகிறது. கப்ரா என்றால் இந்தியில் கூரை ஓடு. சுவர், ஓடு இடுக்குகளில் ஒளிந்து வாழும் பழக்கத்தால் வந்த பெயர். இதன் தாயகம் இந்தியத் துணைக்கண்டம் என்றே கருதப்படுகிறது.

2-3 மில்லிமீட்டர் நீளம்தான். ஆனால் புழுப் பருவத்தில் அதற்கு ஓர் அசாதாரண சக்தி உண்டு. சாப்பாடு இல்லாவிட்டால் உறக்க நிலைக்குப் போய் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த நிலையில் வாயுவையும் நன்றாகத் தாங்கும். ஒரு கன்டெய்னர் மூன்று வருடம் முன் பருப்பு ஏற்றிச் சென்றிருந்தால், அதன் தரைப் பலகைக்கு அடியில் தங்கிய புழு இன்று ஃபிரிட்ஜ் ஏற்றிச் செல்லும்போது வெளியே வரலாம். கற்பனை இல்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவில், உணவுக்குச் சம்பந்தமே இல்லாத சரக்குகளில், ஃபிரிட்ஜ்களில்கூட, கப்ரா பிடிபட்டது.

அமெரிக்கா இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 1953-ல் கலிஃபோர்னியாவில் கப்ரா கண்டுபிடிக்கப்பட்டது. முழுக் கிடங்குகளைத் தார்ப்பாயால் போர்த்தி வாயு செலுத்தி அதை ஒழிக்க 1966 வரை ஆனது, செலவு சுமார் 1.1 கோடி டாலர். ஆஸ்திரேலிய அரசின் மதிப்பீட்டின்படி, இந்த வண்டு அங்கே நிலைத்துவிட்டால் 20 ஆண்டுகளில் 1,550 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு. தானிய ஏற்றுமதியை நம்பும் நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் அதிக ஆபத்துள்ள பெட்டிகளுக்கு அவர்கள் கேட்கும் டோஸும் பெரியது: கன மீட்டருக்கு 80 கிராம், 48 மணி நேரம், 48 மணி முடிவிலும் 24 கிராம் மிச்சம். 40 அடிப் பெட்டிக்கு 67-ஐ 80-ஆல் பெருக்கினால் 5.4 கிலோ. மாற்றாக, 60 டிகிரி வெப்பத்தில் 180 நிமிடம். கப்ரா இருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருப்பதால், நம் ஏற்றுமதியாளர்களுக்கு இது அன்றாடக் கவலை.

சரி, கதவைத் திறப்பவருக்கு என்ன ஆகும்?

இதுவரை பார்த்த விதிகள் எல்லாம் பூச்சியைப் பற்றியவை. வாயு போதுமான அளவு, போதுமான நேரம் இருந்ததா என்பதே அவற்றின் கேள்வி. கதவைத் திறப்பவரின் கேள்வி வேறு: வாயு முழுவதும் போய்விட்டதா?

சான்றிதழில் காற்றோட்டத்துக்குப் பிறகான அளவீடு இருக்கும். ஆனால் அது அந்த நாளின், அந்த மணி நேரத்தின் எண். மரம், மெத்தை, நுரைப் பஞ்சு, தானியம் ஆகியவை வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கதவைப் பூட்டி சீல் வைத்த பிறகு, வாரக்கணக்கான பயணத்தில் அது மெல்ல மெல்ல வெளியே வரும். வெயிலில் பெட்டி சூடானால் இன்னும் கூடும். புறப்படும்போது 5 பிபிஎம் காட்டிய பெட்டி, போய்ச் சேரும்போதும் 5 காட்டும் என்று யாரும் உறுதி தரவில்லை.

பாஸ்பைனில் நிலைமை இன்னும் சிக்கல். நேரம் மிச்சம் என்று, மாத்திரைகளை உள்ளேயே வைத்துப் பெட்டியைக் கப்பலில் ஏற்றும் வழக்கம் தானிய வர்த்தகத்தில் உண்டு. பயணமே சிகிச்சை நேரம். அப்படியானால் காற்றோட்டம் செய்ய வேண்டியது யார்? போய்ச் சேரும் ஊரில், கதவைத் திறக்கும் ஆள்தான். கரைந்து முடிந்த சாம்பலிலும் கொஞ்சம் மாத்திரை மிச்சம் இருக்கலாம். ஈரம் பட்டால் அது மறுபடி வாயு விடும்.

இதற்காகத்தான் சர்வதேசக் கடல்சார் விதிகளில், ஃபியூமிகேஷன் செய்த கன்டெய்னர் ஓர் ஆபத்தான சரக்காகவே 'யுஎன் 3359' என்ற எண்ணில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கதவில் மண்டை ஓடு படத்துடன் எச்சரிக்கை ஒட்ட வேண்டும். எந்த வாயு, எந்தத் தேதி, எத்தனை மணி, காற்றோட்டம் எப்போது என்று எழுதியிருக்க வேண்டும்.

நடைமுறை என்ன? ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு 2006-07-ல் வந்த கன்டெய்னர்களில் 2,113-ஐ எந்த முன்தேர்வும் இல்லாமல் எடுத்து அளந்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 70 சதவீதப் பெட்டிகளில் ஏதாவது ஒரு நச்சு வாயு, நீண்டகாலப் பாதுகாப்புக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. எல்லாம் ஃபியூமிகேஷன் வாயு இல்லை. பசை, பெயின்ட், பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ரசாயனங்களும் அதில் சேரும். ஆனால் கதவைத் திறப்பவரின் நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மெத்தில் புரோமைடு நரம்பைத் தாக்கும். தலைவலி, மயக்கம், பேச்சுக் குழறல், கை நடுக்கம். சில சமயம் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்துத்தான் வரும், அதனால் காலையில் திறந்த பெட்டியை யாரும் சந்தேகிப்பதில்லை. பாஸ்பைன் நுரையீரலையும் இதயத்தையும் தாக்கும். இரண்டுக்கும் குறிப்பிட்ட மாற்று மருந்து இல்லை. பாஸ்பைனுக்குப் பூண்டு அல்லது அழுகிய மீன் வாசனை இருக்கும் என்பார்கள். ஆபத்தான அளவிலும் அந்த வாசனை தெரியாமல் போகலாம். மூக்கை நம்புவது இந்தத் தொழிலில் மிகப் பெரிய தவறு.

ஓசோனைக் கெடுக்கும் வாயுவைத் தடை செய்துவிட்டார்களே?

பாதி உண்மை. மெத்தில் புரோமைடில் உள்ள புரோமின், குளோரினைவிடச் சுமார் 60 மடங்கு வீரியமாக ஓசோனை அழிக்கும். 1992-ல் அது மான்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005-க்குள், இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகள் 2015-க்குள் நிறுத்த வேண்டும் என்று முடிவானது. வயல் மண்ணுக்குப் போடுவது போன்ற பயன்பாடுகள் அப்படி ஏறக்குறைய முடிவுக்கு வந்தன.

ஆனால் ஒரு விலக்கு தரப்பட்டது: தாவரத் தனிமைப்படுத்தலுக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் பயன்படுத்தலாம், அளவுக்கு உச்சவரம்பு இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் இன்றும் இந்த வழியாகத்தான் பயன்படுகிறது. காற்றோட்டம் என்று நாம் சொல்வது, பெரும்பாலான இடங்களில், அதை அப்படியே வானத்தில் விடுவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் 2010 மார்ச்சிலிருந்து இந்தப் பயன்பாட்டையும் நிறுத்திவிட்டது.

இந்தியாவும் இதில் வெறும் பார்வையாளர் இல்லை. 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின் கீழ், இறக்குமதியாகும் பருப்பு வகைகளுக்குப் புறப்படும் நாட்டிலேயே மெத்தில் புரோமைடு சிகிச்சை வேண்டும் என்று நாம் கேட்டோம். கனடா அந்த வாயுவைக் கைவிட்ட நாடு. எங்கள் குளிர்காலத்திலேயே பூச்சி செத்துவிடும் என்பது அவர்களின் வாதம். இந்தியா பல ஆண்டுகள் காலக்கெடு வைத்து வைத்துத் தளர்வு தந்தது. பிறகு, சிகிச்சை செய்யாமல் வரும் சரக்குக்கு ஐந்து மடங்கு ஆய்வுக் கட்டணம் என்று விதித்தது. உங்கள் சாம்பாரில் வெந்த மசூர் பருப்புக்குப் பின்னால் இப்படி ஒரு பஞ்சாயத்து.

மாற்று இல்லையா?

இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஆனால்' உண்டு.

வெப்பம்: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, தொடர்ந்து 30 நிமிடம். விஷம் இல்லை, எச்சம் இல்லை. பேலட்டுக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் பாலிஷ் போட்ட ஃபர்னிச்சர் வெடிக்கும், பசை விடும்.

பாஸ்பைன்: ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் அரைகுறை டோஸில் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியதால், இந்தியா உட்படப் பல நாடுகளில் தானிய வண்டுகள் அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டன.

சல்ஃப்யூரில் ஃபுளோரைடு: 2018-ல் ஐஎஸ்பிஎம் 15-ல் சேர்ந்தது. ஓசோனைத் தொடாது. ஆனால் புவி வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடைவிட 4,000 மடங்குக்கும் மேல் வீரியம்.

மரமே இல்லாத பேக்கிங்: பிளைவுட், பிளாஸ்டிக், கனமான அட்டை பேலட்டுகளுக்கு ஐஎஸ்பிஎம் 15 பொருந்தாது. பல ஏற்றுமதியாளர்களுக்கு இதுதான் எளிய வழி.

மசாலா சர்ச்சையில் வந்த வாயுவும் இதுவா?

இல்லை. 2024-ல் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இந்திய மசாலாப் பொருட்கள் மீது எழுந்த பிரச்சினை எத்திலீன் ஆக்சைடு பற்றியது. அது பெரும்பாலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்ல, தனி ஆலையில் செய்யும் சிகிச்சை. கன்டெய்னர் ஃபியூமிகேஷனோடு அதைக் குழப்ப வேண்டாம். பாஸ்பைன் கொடுத்த அரிசிக்கும் எச்ச வரம்பு உண்டு. தானியங்களில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு. காற்றோட்டம் ஒழுங்காக நடந்தால் சமையலறைக்கு வரும்போது கவலைப்பட ஒன்றுமில்லை. ஆபத்து சாப்பிடுபவரைவிட, மூட்டையை இறக்குபவருக்குத்தான் அதிகம்.

உங்கள் டெஸ்க்கில் இந்தச் சான்றிதழ் வந்தால்

ஃபார்வர்ட் செய்யும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து இவற்றைப் பாருங்கள்:

• நிறுவனத்தின் அங்கீகார எண் இன்றும் செல்லுபடியாகிறதா? வாங்கும் நாட்டின் பட்டியலில் இடைநீக்கம் என்று இருக்கிறதா?

• டோஸும் வெப்பநிலையும் பொருந்துகின்றனவா? வட இந்திய டிசம்பரில் 21 டிகிரிக்கு மேல் என்று எழுதியிருந்தால், அந்த நாளின் குறைந்தபட்ச வெப்பநிலையை வானிலைத் துறைப் பதிவில் பாருங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் தகவல்தான்.

• இறுதி அளவீடு எழுதப்பட்டிருக்கிறதா? எல்லாச் சான்றிதழிலும் ஒரே எண் வருகிறதா? இரண்டு வெவ்வேறு பெட்டிகள் ஒரே மாதிரி கசிவது அபூர்வம்.

• ஸ்டஃபிங் படங்களோடு தேதி ஒத்துப்போகிறதா? சரக்கு ஏற்றும் முன்பே ஃபியூமிகேஷன் முடிந்ததாகத் தாள் சொன்னால் விளக்கம் கேளுங்கள்.

• சரக்கு பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்டிருந்ததா? ஆம் என்றால், சுற்றுவதற்கு முன்பா பின்பா சிகிச்சை நடந்தது?

நீங்கள் வாங்கும் பக்கத்தில், கிடங்கில் இருந்தால் விதி இன்னும் எளிது. கதவில் எச்சரிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், திறக்கும் முன் கதவு ரப்பர் வழியாகக் குழாய் விட்டு வாயுவை அளக்கச் சொல்லுங்கள். கருவி இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தை அழையுங்கள். வாசனை வரவில்லை என்பது அளவீடு ஆகாது. அளந்து முடியும்வரை யாரையும் உள்ளே ஏற்ற வேண்டாம். டெமரேஜ் ஏறுகிறது, டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறார் என்பதெல்லாம் உண்மையாகவே நடக்கும்.

ஃபியூமிகேஷனுக்குப் பணம் தருவது ஏற்றுமதியாளர். சான்றிதழைக் கேட்பது வாங்கும் நாட்டு அரசு. அதைச் சரிபார்ப்பது அங்குள்ள அதிகாரி. இந்த வரிசையில் கதவைத் திறக்கும் ஆள் எங்கேயும் இல்லை, அந்தத் தாளை அவரிடம் யாரும் காட்டுவதும் இல்லை. உங்கள் கையில் அந்த பிடிஎஃப் இருந்தால், அதன் ஒரு பிரதியை கிடங்குக்கும் அனுப்புங்கள். எந்த வாயு, எந்தத் தேதி என்ற இரண்டு வரியாவது அவருக்குத் தெரியட்டும்.